ஒக்கரினாவுக்குப் பிறகு ஏன் மூன்று ஹைரூல்? – செல்டா தொடரின் காலக்கோட்டுப் பிளவு

சிங்கமலைக்காரன் (கொட்டகலை)

அண்ணன் மகன் விடுமுறைக்கு எங்கள் வீட்டில் வந்து நின்றபோது இரண்டு வாரத்தில் செல்டா வீடியோ விளையாட்டுத் தொடரின் ‘ஒக்கரினா ஒஃப் டைம்’ விளையாட்டை முடித்துவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் ‘எ லிங்க் டு த பாஸ்ட்’ விளையாட்டைத் தொடங்கினான். முன்கதை ஓடி முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “சித்தப்பா, லிங்க் அவ்வளவு கஷ்டப்பட்டு கெனனை அடைச்சானே, இதுல அவன் பேரையே காணோமே, ஏன்?” என்று கேட்டான். லிங்க் இந்தத் தொடரின் நாயகன், கெனன் அவனுடைய எதிரி, கதை நடக்கும் நாடு ஹைரூல். நான் பதினைந்து ஆண்டுகளாக இந்தத் தொடரை விளையாடுகிறேன்; ஆனாலும் அவனுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. 1991இல் வந்த ‘எ லிங்க் டு த பாஸ்ட்’ சொல்லும் முன்கதையில், கெனன் புனித உலகத்துக்குள் நுழைந்து, வலிமை, ஞானம், துணிவு என்ற மூன்று பகுதிகள் கொண்ட புனித முக்கோணமான ட்ரைஃபோர்ஸைக் கைப்பற்றுகிறான், பெரும் போர் மூள்கிறது, வீரர்கள் உயிரைக் கொடுத்துக் காவல் நிற்க ஏழு ஞானியர் அவனை உள்ளேயே அடைத்து முத்திரையிடுகிறார்கள். அந்தப் போரில் நாயகன் என்று எவரும் இல்லை. 1998இல் வந்த ‘ஒக்கரினா’ அதே நிகழ்ச்சியைத்தான் கிட்டத்தட்டச் சொல்கிறது, ஆனால் நடுவில் ஒரு நாயகனை நிறுத்தி, அவனை வெல்லவும் வைத்துவிடுகிறது. இரண்டும் ஒரே வரலாறாக இருக்க முடியாது.

இந்த விளையாட்டுகளைத் தயாரிக்கும் நின்டெண்டோவின் அதிகாரபூர்வ நூலாக 2011இல் வந்த ‘ஹைரூல் ஹிஸ்டோரியா’ இதற்கு ஒரு விடையை அச்சிட்டது. ஒக்கரினாவின் முடிவில் வரலாறு மூன்றாகப் பிரிகிறது. வளர்ந்த லிங்க் வென்றுவிட்டு மறைந்துபோன உலகம் ஒன்று. செல்டா இளவரசி அவனைச் சிறுவனாகவே திருப்பி அனுப்பிய உலகம் மற்றொன்று. இறுதிப் போரில் லிங்க் தோற்றுப்போன உலகம் மூன்றாவது. முதலாவதில் ‘விண்ட் வேக்கர்’ வருகிறது, இரண்டாவதில் ‘மஜோராஸ் மாஸ்க்’, ‘ட்வைலைட் பிரின்சஸ்’ ஆகியவை வருகின்றன, மூன்றாவதில் ‘எ லிங்க் டு த பாஸ்ட்’ தொடங்கி 1986இன் முதல் விளையாட்டு வரை பழையவை பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

எனக்கு இதில் ஒரே ஒரு இடம்தான் உறுத்துகிறது. ஒக்கரினா முழுவதும் லிங்க் ஒரு வாளைப் பீடத்திலிருந்து எடுத்தும் வைத்தும் ஏழு ஆண்டுகள் முன்னும் பின்னும் போய் வருகிறான், அப்போதெல்லாம் காலம் பிரிவதில்லை. கடைசியில் ஒரு முறை செல்டா அனுப்பும்போது மட்டும் பிரிகிறது. ஒரே விளையாட்டுக்குள் காலத்துக்கு இரண்டு சட்டமா? இதைப் பற்றித்தான் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

பதுளைப் பயணி

இரண்டு சட்டம்தான், அண்ணா. அதை விளையாட்டே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ககாரிகோ ஊரின் காற்றாலையை நினைத்துப் பாருங்கள். வளர்ந்த லிங்க் உள்ளே போனால், இசைப்பெட்டியைச் சுற்றிக்கொண்டிருக்கும் மனிதர் கோபத்தில் குமுறுகிறார்: ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒக்கரினா என்ற ஊதுகருவியோடு வந்த ஒரு பொடியன் ஒரு பாட்டை வாசித்துக் காற்றாலையைக் குழப்பிவிட்டானாம். அந்தப் பாட்டை அவரே லிங்க்குக்குக் கற்றுக்கொடுக்கிறார். லிங்க் பின்னர் சிறுவனாகத் திரும்பிப் போய், அதே காற்றாலையில் அதே புயல் பாட்டை வாசிக்கிறான். காற்றாலை தாறுமாறாகச் சுழன்று கிணற்று நீர் வற்றுகிறது. அப்படியானால் பாட்டை முதலில் இயற்றியது யார்? லிங்க் அவரிடமிருந்து கற்றான், அவர் லிங்க்கிடமிருந்து கேட்டார். தொடக்கம் எங்குமே இல்லை.

எங்கள் பக்கத்தில் தெமோதரை நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். புகையிரதம் மேடையை விட்டு நகர்ந்து, மலையைச் சுற்றி இறங்கி, கடைசியில் அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வரும். பாதை தன்னையே கடந்துபோகிறது, ஆனால் தண்டவாளம் ஒன்றுதான். காற்றாலைப் பாட்டும் அந்த வகைதான், அது வளைவு. செல்டா செய்தது பேராதனைச் சந்தி: அங்கே ஒரு வண்டி கண்டிக்குத் திரும்பும், இன்னொன்று நாவலப்பிட்டி, ஹட்டன் என்று மேலே ஏறும். வளைவையும் சந்தியையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் நமக்கு இவ்வளவு குழப்பம்.

சிங்கமலைக்காரன்

தம்பி, தெமோதரை உவமையை எடுத்துக்கொள்கிறேன், நன்றி. அதை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்.

வாளால் நடக்கும் பயணம் முழுவதும் வளைவு வகைதான் என்பதற்குச் சான்றுகள் நிறைய உள்ளன. சிறுவன் மந்திர அவரை விதையை மண்ணில் ஊன்றுகிறான், வளர்ந்தவன் வந்து அதன் இலைமேல் ஏறிப் பறக்கிறான். பாலைவனத்தில் உள்ள ஆவிக் கோயில் இன்னும் அழகானது: சிறுவனால் மட்டுமே ஊர்ந்து போகக்கூடிய ஒரு சிறு துளை இருக்கிறது, அந்த வழியாகப் போய் வெள்ளிக் கையுறையைச் சிறுவன் எடுத்துக்கொள்கிறான், ஆனால் அது அவன் கைக்குப் பெரிது. வாளைப் பீடத்தில் வைத்து எடுத்து, வளர்ந்தவனாக வந்து, அதே கையுறையை அணிந்து அதே கோயிலின் மறுபக்கத்துப் பாறையை நகர்த்துகிறான். இங்கே இரண்டு உலகங்கள் இருந்திருந்தால், சிறுவன் எடுத்த கையுறை வளர்ந்தவனிடம் எப்படி வந்திருக்கும் என்று கேட்க வேண்டியிருக்கும். 2011இன் ‘ஸ்கைவர்ட் சோர்ட்’ விளையாட்டிலும் இதே வழிதான்: பழங்காலத்தில் ஒரு மரக்கன்றை நட்டுவிட்டு நிகழ்காலத்துக்குத் திரும்பினால், அது பெரிய மரமாகக் காய்த்து நிற்கிறது. ‘ஒரக்கிள் ஒஃப் ஏஜஸ்’ விளையாட்டில் காலம் கடக்க உதவும் யாழும் அப்படியே. இந்தத் தொடரில் காலப்பயணம் என்றால் வழக்கமாக ஒரே ஆறுதான். பிளவு என்பது விதிவிலக்கு.

அந்த விதிவிலக்கு ஏன் அங்கே மட்டும் நிகழ்ந்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது, நூலில் இப்படி எழுதியிருக்கிறது என்று சொல்ல வரவில்லை. வாளால் போகும்போது லிங்க் திரும்பி வரப்போகிறவன். அவன் இல்லாத ஏழு ஆண்டுகளை அவனே நடந்து முடிக்க வேண்டியிருக்கிறது, ஆகவே இரு முனைகளும் அவனிடத்தில் கட்டுண்டிருக்கின்றன. செல்டா அனுப்பும்போது அந்தக் கட்டு அவிழ்கிறது. அவள் ஒக்கரினாவை வாங்கி வாசித்து, அவனை மட்டும் அனுப்பிவிட்டு, தான் அங்கேயே நிற்கிறாள். அவன் மீண்டும் வாளை எடுத்து இவள் முன் வந்து நிற்கப்போவதில்லை. போனவன் அரண்மனைத் தோட்டத்தில் சிறுமி செல்டாவைச் சந்தித்து எச்சரிக்கிறான், அதன் பிறகு கெனன்டோர்ஃபின் (கெனனின் மனித உருவம்) திட்டம் அங்கே பலிக்காமல் போகிறது. ஆனால் அனுப்பியவள் நின்ற உலகம் அழியவில்லை, ஏனென்றால் அங்கே ஏழு ஞானியரும் அவளும் இன்னும் இருக்கிறார்கள்.

சிங்கமலைச் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் பெய்யும் மழை கொத்மலை ஓயாவில் விழுந்து மகாவலியோடு திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. ஹட்டன் பக்கம் பெய்யும் அதே மழை களனி கங்கையோடு கொழும்புக்குப் போகிறது. மேகம் ஒன்று, முகடு ஒன்று, இரண்டு சொட்டுக்கும் இடையில் கையளவு தூரம்தான் இருக்கும், கடல் மட்டும் வேறாகிவிடுகிறது. லிங்க்கை அனுப்பிய அந்த நொடி எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

மஸ்கெலியா வாசகி

வணக்கம். விண்ட் வேக்கரை நான் மூன்று முறை முடித்திருக்கிறேன், ஆகவே அந்தக் கிளையைப் பற்றி உரிமையோடு பேசுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். பிளவு என்பது 2011இல் நூல் போட்டபோது பிறந்ததல்ல. விண்ட் வேக்கர் வெளிவந்த 2002இலேயே, ஒக்கரினாவுக்கு இரண்டு முடிவுகள் உண்டு என்றும், புதிய கதை வளர்ந்த லிங்க்கின் முடிவைத் தொடர்கிறது என்றும் அதன் இயக்குநர் எய்ஜி அவோனுமா செவ்வியில் சொல்லிவிட்டார். நூல் புதிதாகச் சேர்த்தது மூன்றாவது கிளையைத்தான். இந்த இரண்டையும் சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை.

இப்போது உள்ளே வருகிறேன். நாயகன் போய்விட்ட உலகத்தில் என்ன நடக்கும்? கெனன் முத்திரையை உடைத்துத் திரும்புகிறான், மக்கள் நாயகனுக்காகக் காத்திருக்கிறார்கள், எவனும் வரவில்லை. வேறு வழியில்லாமல் தெய்வங்கள் நாட்டையே நீருக்குள் அமிழ்த்திவிடுகின்றன. மலை உச்சிகள் மட்டும் தீவுகளாக மிஞ்சுகின்றன. அங்குள்ள தீவில் ஒரு வயதை எட்டிய பையன்களுக்குப் பச்சை உடை போடுகிறார்கள், பழைய நாயகனின் நினைவாக. பாட்டி அந்த உடையை மடித்து எடுத்துத் தரும் காட்சியில் பையன் முகம் சுளிப்பான், அவனுக்கு அது வெறும் வேர்க்கிற உடை.

நாங்கள் இருக்கும் ஊர் புது மஸ்கெலியா. பழைய ஊர் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. வரட்சி கடுமையாக இருக்கும் ஆண்டுகளில் நீர் இறங்கும்போது பழைய கோயிலின் கல் வெளியே தெரியும். அம்மா கரையில் நின்று, இதுதான் கடைவீதி, இந்தப் பக்கம்தான் நாங்கள் நடந்து போவோம் என்று விரல் நீட்டிச் சொல்வார். லிங்க் முதல் முறை கடலுக்கு அடியில் இறங்கி ஹைரூல் அரண்மனைக்குள் நுழையும்போது எல்லாம் நிறமற்றுச் சாம்பலாக, அரக்கர்கள் ஓங்கிய ஆயுதத்தோடு அசையாமல் நிற்பார்கள். வாளை உருவியதும் நிறம் திரும்பும். அந்த இடத்தில் நான் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஆமா, அப்படித்தான் கெடக்கும்” என்றார்.

வாள் நிற்கும் அறையின் வண்ணக் கண்ணாடிகளில் ஒக்கரினாவின் ஞானியர் வரையப்பட்டிருக்கிறார்கள். இந்தக் கிளையில் அவன் செய்ததை எல்லாரும் கண்டார்கள், கோயில் கட்டாத குறையாகப் போற்றினார்கள். மற்றக் கிளையில் அவன் செய்த எதையும் எவரும் காணவில்லை, ஏனென்றால் அங்கே அது நடக்கவே இல்லை. ட்வைலைட் பிரின்சஸில் எலும்புக்கூட்டு வீரனாக வந்து புதிய லிங்க்குக்கு வாள் வித்தை கற்றுக்கொடுப்பவன் அந்தப் பழைய நாயகனே என்று நூல் சொல்கிறது. தன் வித்தையை எவருக்கும் கொடுக்காமல் இறந்த குறையோடு அலைகிறானாம். பிளவைக் கணக்காக மட்டும் பார்க்காமல் இதையும் பாருங்கள் என்பதற்காகத்தான் எழுதினேன்.

ஹப்புத்தளைப் பனி

எல்லாம் சரி. மூன்றாவது கிளையை யாராவது தைரியமாக ஆதரித்துப் பேசுவீர்களா?

என் குறை இதுதான். முதல் இரண்டு கிளைகளுக்கும் விளையாட்டின் உள்ளேயே காரணம் இருக்கிறது: ஒருத்தி ஒருவனை அனுப்பினாள், அதனால் பிரிந்தது. மூன்றாவது கிளைக்கு எவரும் எங்கும் பயணிக்கவில்லை. லிங்க் தோற்றான், அவ்வளவுதான். தோல்வி ஒரு கிளையை உண்டாக்கும் என்றால், என் தங்கை ஒக்கரினா விளையாட்டின் நீர்க் கோயிலில் செத்த ஒவ்வொரு முறையும் ஒரு ஹைரூல் முளைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் மட்டும் நாற்பது ஹைரூல் இருக்கும். விண்ட் வேக்கரில் லிங்க் தோற்ற உலகம் எங்கே? ட்வைலைட் பிரின்சஸில்? ஏன் ஒக்கரினாவின் கடைசிப் போருக்கு மட்டும் அந்தச் சலுகை?

உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். 1986, 1987, 1991 ஆண்டுகளில் வந்த விளையாட்டுகளை ஒட்டவைக்க இடம் கிடைக்கவில்லை, ஒரு அறையைக் கட்டி உள்ளே தள்ளிவிட்டார்கள். அந்த அறைக்குள்ளும் ஒழுங்கு நிலைக்கவில்லை. ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ விளையாட்டை 2011இன் நூல் ‘ஒரக்கிள்’ இரட்டை விளையாட்டுகளுக்குப் பின்னால் வைத்தது, பின்னர் வந்த செல்டா கலைக்களஞ்சியம் அவற்றுக்கு முன்னால் நகர்த்தியது. வரலாறு என்றால் இப்படி மேசை நாற்காலி போல நகர்த்துவார்களா?

நாவலப்பிட்டித் தம்பி

அண்ணன்மார், அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மஜோராஸ் மாஸ்கில் மூன்று நாள் முடியும் முன் பாட்டை வாசித்து முதல் நாளுக்குத் திரும்புகிறோமே, அப்போது கைவிட்ட மூன்று நாட்கள் என்ன ஆகின்றன? நிலவு விழுந்து அழிந்த டெர்மினாக்கள் (அந்தக் கதை நடக்கும் நாடு) எங்காவது கிடக்கின்றனவா?

சிங்கமலைக்காரன்

தம்பியின் கேள்விக்கு முதலில். அங்கே லிங்க் கையில் உள்ள முக்கியப் பொருட்கள் திரும்பி வருகின்றன, அவன் கற்ற பாட்டுகள் திரும்பி வருகின்றன, ஊர்மக்களின் நினைவு மட்டும் அழிகிறது. வெளியில் எவரும் மிஞ்சி நின்று பார்ப்பதாக விளையாட்டு ஓரிடத்திலும் காட்டவில்லை. செல்டாவைப் போல அந்தப் பக்கம் நின்று வழியனுப்புகிறவர் இல்லாததால், நான் அதைப் பிளவாகக் கருதமாட்டேன். எழுதி அழித்த பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்கு முழு நிம்மதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி ஹப்புத்தளை நண்பருக்கு. காரணம் பின்னால் ஒட்டவைக்கப்பட்டது என்பதை மறுக்கவே முடியாது. ஆனால் ஒட்டிய இடம் அவ்வளவு மோசமில்லை. 1987இன் இரண்டாவது விளையாட்டில் வரும் ஊர்களின் பெயர்களைப் பாருங்கள்: ரவுரு, ரூட்டோ, சாரியா, நபூரு, டருனியா. பதினொரு ஆண்டு கழித்து ஒக்கரினாவில் இவையே ஞானியரின் பெயர்களாக வருகின்றன. விளையாட்டை எழுதியவர்கள் பழைய ஊர்ப்பெயர்களை எடுத்து ஆட்களுக்குச் சூட்டினார்கள், கதைக்குள் பார்த்தால் ஆட்களின் நினைவாக ஊருக்குப் பெயர் வந்ததாகிவிட்டது. நாயகன் தோற்ற உலகத்தில், கெனனை அடைத்த பெருமை முழுவதும் ஞானியருக்கே போகும், ஊருக்கு அவர்கள் பெயரைத்தான் வைப்பார்கள். ‘எ லிங்க் டு த பாஸ்ட்’ முன்கதையில் லிங்க்கின் பெயர் ஏன் இல்லை என்று என் அண்ணன் மகன் கேட்டானே, அதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. தோற்றவன் பெயரை எவர் எழுதிவைப்பார்கள்?

நாற்பது ஹைரூல் பற்றிய கேள்விக்கு ஒன்றுதான் சொல்ல முடியும். ஒக்கரினாவின் கடைசிப் போரில் ட்ரைஃபோர்ஸின் மூன்று பகுதிகளும் மூவரிடமாகப் பிரிந்து, மூவரும் ஒரே கோட்டைக்குள் நிற்கிறார்கள். அங்கே லிங்க் விழுந்தால் மூன்றும் கெனனுக்குப் போய்விடும். நீர்க் கோயிலில் உங்கள் தங்கை செத்தால் அப்படி எதுவும் ஆவதில்லை. ஆனாலும் இது சந்தியும் அல்ல, வளைவும் அல்ல. ‘ஒருவேளை’ என்று போட்ட தண்டவாளம். மற்ற இரண்டோடு அதை ஒரே படத்தில் ஒரே தடிப்புள்ள கோடாக வரைந்ததில் எனக்கும் மனவருத்தம் உண்டு.

பதுளைப் பயணி

புதியவற்றை எங்கே வைப்பது என்றும் யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். 2017இன் ‘ப்ரெத் ஒஃப் த வைல்ட்’, 2023இன் ‘டியர்ஸ் ஒஃப் த கிங்டம்’ இரண்டையும் நின்டெண்டோ எந்தக் கிளையிலும் சேர்க்காமல் தனியே வைத்திருக்கிறது. 2024இன் ‘எக்கோஸ் ஒஃப் விஸ்டம்’ மட்டும் ஹப்புத்தளை நண்பருக்குப் பிடிக்காத மூன்றாவது கிளையில் போய் உட்கார்ந்துவிட்டது, ஆகவே அந்த அறையை இடிக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ‘டியர்ஸ்’ விளையாட்டில் செல்டா பழங்காலத்துக்குப் போய், பறவைநாகமாக மாறி, யுகம் யுகமாக வானில் சுற்றித் தன் காலத்துக்கே வந்து சேர்கிறாள். சந்தி எதுவும் இல்லை, பெரிய தெமோதரை வளைவு.

மஸ்கெலியா வாசகி

சிங்கமலை அண்ணா, உங்கள் விளக்கத்தில் ஒரு ஓட்டை. லிங்க் போனதும் வளர்ந்த உலகத்தில் துணிவின் ட்ரைஃபோர்ஸ் எட்டுத் துண்டாகச் சிதறியது என்று விண்ட் வேக்கர் சொல்கிறது. அந்த எட்டையும் கடலடியிலிருந்து தூக்கி எடுத்தே என் கை ஓய்ந்துபோனது. அதாவது துணிவு அந்த உலகத்திலேயே தங்கிவிட்டது. அப்படியானால் சிறுவனாகத் திரும்பிப் போன லிங்க்கின் கையில் ஒன்றும் இருக்கக்கூடாது. ஒக்கரினாவின் கடைசிக் காட்சியில் அவன் கையில் அந்த முக்கோணக் குறி இருப்பதாக எனக்கு ஞாபகம். உங்கள் வீட்டில்தான் விளையாட்டு இருக்கிறதே, பார்த்துச் சொல்லுங்கள்.

சிங்கமலைக்காரன்

நேற்று இரவு பார்க்க உட்கார்ந்தேன். கெனன் விழுவதற்குச் சற்று முன் மின்சாரம் போய்விட்டது, திரும்பி வரும்போது பதினொரு மணி. அண்ணன் மகனைப் படுக்கச் சொல்லியும் அவன் போர்வையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

லிங்க்கின் துணைத் தேவதை நாவி கோயில் சன்னலுக்கு மேலே பறந்து போகிறது. அடுத்து அரண்மனைத் தோட்டம். செல்டா முதுகு காட்டி நிற்கிறாள், காலடி கேட்டுத் திரும்புகிறாள். “கை, கை, கையைப் பாருங்க சித்தப்பா” என்று அவன்தான் முதலில் கண்டான். குறி இருக்கிறது.

அக்கா சொன்னது சரி. இதை ஒப்புக்கொண்டால் துணிவின் ட்ரைஃபோர்ஸ் ஒரே நேரத்தில் ஓர் உலகத்தில் எட்டாகச் சிதறியும், மறு உலகத்தில் ஒரு சிறுவன் கையில் முழுதாகவும் இருக்க வேண்டும். ட்வைலைட் பிரின்சஸில் ஞானியர் கெனன்டோர்ஃபைக் கொல்ல முற்படும்போது அவன் கையில் திடீரென்று வலிமையின் குறி ஒளிர்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று இத்தனை ஆண்டு நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். புனித உலகத்துக்குள் அவன் நுழையவே இல்லை. லிங்க் கையில் துணிவோடு திரும்பியதுதான் மற்ற இரண்டு பகுதிகளையும் அந்தந்த ஆளிடம் இழுத்துவிட்டதோ? அப்படியானால் லிங்க் எச்சரிக்க வந்த விபத்தில் ஒரு பங்கை அவனே கையில் கொண்டுவந்திருக்கிறான்.

ட்வைலைட் பிரின்சஸ் வட்டு யாரிடமாவது இருந்தால் அந்தக் கண்ணாடி மேடைக் காட்சியில் ஞானியர் என்ன சொல்கிறார்கள் என்று சொல்லுக்குச் சொல் எழுதிப் போடுங்கள். என் வட்டு கீறல் விழுந்து அந்த இடத்தில்தான் நின்றுபோகிறது.